இங்கினியாகலைக்குப் போகாத படகு

கடல் இல்லாத தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

2010ஆம் ஆண்டு, கச்சான் காற்று ரோட்டு மணலைக் கடைகளுக்குள் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். கல்முனைக்குடியில் நாங்கள் ஆறு பேர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டோம். யுத்தம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அம்பாறை ரோட்டில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்காமல் இங்கினியாகலைக் குளம்வரை போய்வரலாம் என்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது. நோன்புக்கு முந்திய சனிக்கிழமை குளத்தில் படகோட்டம். ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றில் குளிப்பு. அங்கேயே சமையல்.

ஜெஸீலின் சைக்கிள் கடைக்குள் கூடினோம். கொப்பி என் கையில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் எதை எழுதுவதென்றாலும் என்னிடம்தான் தருவார்கள். என் கையெழுத்து அழகானது.

“முதலாவது, டியூப்,” என்றான் ஜெஸீல். “லொறி டியூப் ரெண்டு. படகுக்குப் பின்னால கயித்தக் கட்டி இழுக்கிற. எழுது.”

“மறுகா?” என்று அடுத்ததைக் கேட்டேன்.

“சறுக்கிறது. டீவியில காட்டுறானே, கால்ல பலகையக் கட்டிக்கிட்டு, தண்ணிக்கு மேலால.”

“பலகைக்கு எங்க போற?”

“எங்கட றாத்தாட அலுமாரிக் கதவு கழண்டுதான் கிடக்கு.” அக்காவின் அலுமாரியைத்தான் சொன்னான்.

பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்திருந்த பவிதரன் தலையை ஆட்டினான். “கண்ணாடி வச்ச கதவுதானே? நல்லம்டா. தாழக்குள்ள உன்ட மூஞ்சிய நீயே பாத்துக்கிட்டுத் தாழலாம்.”

எல்லோரும் சிரித்தோம். படகுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது நான் வாடகைப் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மெல்லத்தான் சொன்னேன். ஜெஸீல் குறுக்கே விழுந்தான். “வாடகை என்னத்துக்கு? இவன்ட வளவுக்குள்ள ஒண்டு கவுந்து கிடக்கே, கோழி முட்டையிட்டுக்கிட்டு!”

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘படகு: எங்களுடையது’ என்று கொப்பியில் எழுதினேன். ‘எங்களுடையது’ என்ற சொல்லைத் தவிர்க்க வேறு ஒரு வசனம் அந்த நேரம் என் கைக்கு வரவில்லை.

அந்தப் படகு எங்களுடையது அல்ல.

வாப்பாவுக்குச் சாரன் கடை, கைலி வியாபாரம். கடலுக்குப் போனவர் அல்ல. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதும் குறைவு. சுனாமியன்று எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர்தான் வந்தது. ஆனாலும் ஒரு மாதம் பாடசாலை முகாமில் இருந்தோம். அப்போது எனக்குப் பதினைந்து வயது. எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் கை நடுங்கியவர்களுக்கும் நான்தான் இழப்புப் படிவம் நிரப்பினேன். அப்படித்தான் அபூசாலி காக்கா என் மேசைக்கு வந்தார். மனைவி ஸகியா, மையித்துக் கிடைக்கவில்லை. மகள் றுஸ்னா, உயிரோடு. படகு ஒன்று, பள்ளிவாசல் சுவரில் மோதி இரண்டாகிவிட்டது. படகின் பதிவு நம்பரை அவர் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். நான் எழுதினேன்.

“படகுக்கும் போடுவமா காக்கா? வெளிநாட்டாக்கள் குடுக்கப் போறாங்களாம்.”

“வேணாம். இனி அந்தக் கடல்ட மூஞ்சில நான் முழிக்கமாட்டன்.”

ஸகியா காணாமல் போய்ப் பதினெட்டாவது நாள் அவர் சொன்ன சொல் அது. வாப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் கழித்துப் படகுப் படிவம் வந்தது. தொலைந்த படகின் நம்பர் இருந்தால்தான் புதுப்படகு. ஊரில் நம்பர்கள் கைமாறின. சிலர் விற்றார்கள், சிலர் வாங்கினார்கள். எங்கள் தெருவில் மட்டும் மீன் பிடிக்காத மூன்று வீடுகள் படகுக்குப் போட்டன.

“அவன்தான் வேணாங்கிறானே. நம்பர் சும்மாதானே கிடக்கு,” என்றார் வாப்பா. “எல்லாரும் போடுறாங்க. நீ எழுது மகன்.”

சுனாமிக்கு முந்திய மாதமே அபூசாலியிடமிருந்து அந்தப் படகை வாப்பா வாங்கியதாக எழுதினேன். எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன. படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர் என் கையெழுத்தைப் பாராட்டினார்.

படகு வந்தது. விற்கக் கூடாது என்பது தந்தவர்களின் நிபந்தனை. ஓட்ட எங்களுக்குத் தெரியாது. வளவுக்குள் கவிழ்த்துவைத்து, தென்னோலையால் மூடி, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், அபூசாலி காக்காவின் நம்பர் எழுதியிருந்த இடத்துக்கு வாப்பா நீலப் பெயின்ற் அடித்தார். எஞ்சின் கடைப் பின்னறையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

அபூசாலி காக்கா மூன்று மாதத்தில் மனம் மாறினார். கடலைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. படகு கேட்டு, படிவம் வாங்கிய அரசாங்கக் கந்தோருக்குப் போனார். “உங்கட நம்பருக்குப் படகு போயிட்டு,” என்றார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை. மீனவர் சங்கத்தில் வேறு கதை எழும்பியது. நம்பரை இரகசியமாக விற்றுத் தின்றுவிட்டு இரண்டாவது படகு கேட்கிறான் என்றார்கள். சங்கத்திலிருந்து அவரை வெட்டினார்கள்.

அதன் பிறகுதான் அவர் கல்முனைச் சந்தையில் மீன் வெட்டத் தொடங்கினார். பதினான்கு வயதிலிருந்து மீனைத் தேடிப் போனவர், மற்றவர்கள் கொண்டுவந்த மீனுக்கு முன்னால் குந்தினார். கத்தியை எடுக்குமுன் “கறிக்கா, பொரிக்கவா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார், பதில் வரும்வரை மீனைத் தொடமாட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்து, தெற்கே ஒலுவில் பக்கம் பிடிபட்ட மீனா, வடக்கே பட்டதா என்று சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார். மதியம் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் மரக்கறிப் பக்கத்தில் பிழிந்து வீசிய தேசிக்காய்க் கோதுகளைப் பொறுக்கி, குழாயடியில் கைகளை முழங்கைவரை தேய்ப்பார். அப்படித் தேய்த்தும் பள்ளியில் கடைசி வரிசையில், ஓரத்தில்தான் நிற்பார், பக்கத்தில் நிற்பவருக்கு மணக்கக் கூடாதென்று. அந்த வரிசையில் அவருக்கு இரண்டு ஆள் தள்ளி நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பும்போது அவர் முகம் என் பக்கம் வரும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

பயணத்துக்குப் படகோட்ட ஆள் வேண்டும் என்று ஜெஸீல் அவரிடம்தான் போனான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நான் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன்.

“குளத்தில ஓட்டுறதுக்கு ஆளா?” அபூசாலி காக்கா ஒரு பாரை மீனின் வாலைத் தறித்தார். “உப்புமில்லாத தண்ணி, அலையுமில்லாத தண்ணி. அதுக்கு நான் என்னத்துக்கு? உங்கட உம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க, அகப்பையால துழாவுவா.”

“பகிடி விடாதீங்க காக்கா. எஞ்சின் இரிக்கி, ஓட்டத் தெரிஞ்ச ஆளில்ல.”

“ஆர்ட படகு?”

“இவன்ட வாப்பாட.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கபூர் காக்காக்குப் படகா? சாரன் விரிச்சு மீன் புடிக்கிறவரா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

“சுனாமிக்குப் பிறகு நான் படகில கால் வைக்கல்ல, தம்பி,” என்றார். கத்தியைக் கழுவினார். “சரி, குளமெண்டா வாறன். குளத்துக்கும் எனக்கும் கோவமொண்டுமில்ல.”

வீட்டில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் சாரன் ஒன்றை மடித்து, விரித்து, திரும்ப மடித்தார். ஜெஸீல் ஏற்கெனவே கடையில் நாலு பேர் முன்னால் படகைக் கேட்க, வாப்பாவும் “கொண்டு போங்க மகன்” என்று சொல்லிவிட்டிருந்தார். இனி மறுக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அணியத்தில மட்டும் கை வைக்க விடாத,” என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம், சந்தை முடிந்து குளித்து, கழுவிய சேட்டோடு அபூசாலி காக்கா எங்கள் வளவுக்கு வந்தார். செருப்பைக் கேற்றடியிலேயே கழற்றினார். கடற்கரை மணலில் படகுக்குக் கிட்டப் போகும்போது மீன்பிடிக்காரர் அப்படித்தான் செய்வார்கள். ஓலையை விலக்கி, பிஸ்மி சொல்லி, படகில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

“நல்ல சாமான்,” என்றார். “தண்ணியே காணாத சாமான். பாவம்.”

மேளம் கொட்டுவதுபோல விரல் முட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டு வந்தார். அணியத்தில் சத்தம் மாறியது. “இஞ்ச வெடிச்சிரிக்கி. பெயின்ற்றச் சுரண்டிப் பாக்கணும். இதோட குளத்தில இறக்கினா, நடுவில வச்சு நாம எல்லாரும் மீன்தான்.”

“அது கிடக்கட்டும் காக்கா. அதுல சுரண்ட வேணாம்.”

“ஏன்டா?”

“பெயின்ற்... பழுதாப் போகும்.”

“உசிர் போனாப் பரவாயில்ல, பெயின்ற் போகக் கூடாது!” சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தார். செதில் உரிக்கும் கைப்பழக்கத்தோடு, அடியிலிருந்து மேலாகச் சுரண்டினார். நீலம் சுருள் சுருளாக உதிர்ந்தது. கறுப்பில் ஓர் இலக்கத்தின் வயிறு தெரிந்தது. அவர் பேசிக்கொண்டே சுரண்டினார். இரண்டாவது இலக்கம் தெரிந்தபோது பேச்சு நின்றது.

“காக்கா, அது உங்கட நம்பர்,” என்றேன்.

நானாகச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கத்தி என்னை முந்திவிட்டிருந்தது.

அவர் மிச்சத்தையும் சுரண்டினார். அவசரப்படாமல், முழு நம்பரும் தெரியும்வரை. எழுத்து அவருக்குத் தெரியாது, இலக்கம் தெரியும். பிறகு வெறுந்தரையில் குந்தினார்.

“ஆர் எழுதின?”

“நான்.”

“வாப்பா சொன்னாரா?”

“ஓம்.”

கோழியொன்று அவருடைய காலடியில் உதிர்ந்த நீலச் சுருளைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அவர் என்னை ஏசவில்லை. “கந்தோரில ஒரு கிளாக்கர் இருந்தார்,” என்றார். “மெலிஞ்ச ஆள். அவர்தான் களவெடுத்தது எண்டு நான் நெனச்சன். வாசல்ல நிண்டு அவர்ட தாயையும் இழுத்து ஏசினன். ஒருக்கா இல்ல. கடைசியா அவர் மாத்தம் கேட்டுப் போயிட்டார். பாவம்டா அந்த மனிசன். எங்க எண்டு போய் மாப்புக் கேட்கிற நான்?”

கத்தியைச் சாரனில் துடைத்து இடுப்பில் செருகினார்.

“றுஸ்னாக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்த. நம்பர் வித்தவன்ட மகள் வேணாமெண்டு போயிட்டாங்க.” எழும்பிச் சாரனைத் தட்டினார். “சனிக்கிழமை காலையில சங்கத்தில கூட்டம். நோன்புக்கு முதல் கடைசிக் கூட்டம். நீ வந்து சொல்லணும். அபூசாலி நம்பர் விக்கல்லையெண்டு ஒரு சொல்லு.”

அப்போது என் வாயில் என்ன வந்தது என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“சனிக்கிழமை... ட்ரிப் காக்கா.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். விளங்காத பாஷையில் யாரோ கதைத்ததைப் போல. பிறகு கேற்றடிக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சைக்கிள் கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். படகு வராது, நானும் வரமாட்டேன் என்றேன். டியூப் இரண்டும் காற்றடித்துச் சுவரில் சாய்ந்திருந்தன. கயிறு வாங்கியாயிற்று, லொறி பேசியாயிற்று.

“அடுத்த கூட்டத்தில சொன்னா என்ன?” ஜெஸீலுக்கு முகம் சிவந்தது. “அஞ்சு வருசம் பொறுத்தவன்தானே நீ? இன்னுமொரு மாசம் பொறுக்க ஏலாதா உனக்கு?”

அவன் கோபத்தில்தான் கேட்டான். ஆனால் அதைவிடச் சரியாக என்னை யாரும் கேட்டதில்லை. பவிதரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “போய்ச் சொல்லுடா,” என்றான்.

சனிக்கிழமை விடிய சுபஹ் தொழுதுவிட்டு வாப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். வியாழன் இரவு நடந்ததைச் சொன்னதிலிருந்து நாங்கள் முகம் பார்க்கவில்லை.

“படகக் குடுப்பம். எஞ்சினையும் குடுப்பம். நானே லொறி புடிச்சு அவன்ட வீட்டடியில இறக்கிவிடுறன். கூட்டத்தில கதைக்கிறது என்னத்துக்கு?”

“அவர் கேட்டது அதத்தான், வாப்பா.”

“பெருநாள் யாவாரம் வருது.” குரல் இறங்கிவிட்டது. “என்ட பேர மட்டும் இழுக்காத, மகன்.”

சங்கக் கட்டிடத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். அபூசாலி காக்கா உள்ளே வரவில்லை, உறுப்பினர் அல்லவே. ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் எழும்பினேன். முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில் தொடங்கினேன்.

“சத்தமாக் கதை தம்பி, நீ என்ன மீனுக்கா கதைக்கிறாய்?” என்றார் பின்னால் ஒருவர்.

“அபூசாலி காக்காட நம்பர நான்தான் படிவத்தில எழுதின,” என்றேன். “அவருக்குத் தெரியாது. அவர் விக்கல்ல. எங்கட வளவில கிடக்கிற படகு அவர்ட நம்பருக்கு வந்த படகு.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நீ ஸ்கூல் போற வயசு. ஆர் எழுதச் சொன்ன?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். அபூசாலி காக்காவுக்குப் பதில் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் எழுதின.”

“ஓ!” பின்னால் இருந்தவர் எழும்பிவிட்டார். “அப்ப கபூர் காக்கா கடையால வந்து பாக்கக்குள்ள, வளவுக்குள்ள படகு பறந்துவந்து குந்தியிருந்திச்சு, கொக்குப் போல!”

கூரை அதிரச் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை. நம்பாமலே விட்டுவிட்டார்கள், அது எனக்குத் தந்த மன்னிப்பா, வாப்பாவுக்குத் தந்த தண்டனையா தெரியவில்லை. தலைவர் அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“நான் விக்கல்ல எண்டு எழுதினீங்களா?”

“எழுதின, அபூசாலி.”

“வாசிங்க.”

தலைவர் வாசித்தார். அபூசாலி காக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இன்னொருக்கா வாசிங்க.”

தலைவர் இன்னொரு தடவை வாசித்தார்.

வெளியே வந்தபோது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “பின்னேரம் ஆளோட வாறன். கேற்றத் தொறந்து வை.”

ஐந்து பேரோடு வந்தார். உருளைக் கட்டைகளைப் போட்டுப் படகை ரோட்டுக்கு உருட்டினார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று தட்டத்தில் தேத்தண்ணி அனுப்பினா. மற்றவர்கள் குடித்தார்கள். அவர் தன் பங்கை எடுத்துப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ஜெஸீல் குளக்கரையிலிருந்து போன் எடுத்தான். வாடகைக்குக் காலால் மிதிக்கும் படகு கிடைத்ததாம். “அலுமாரிக் கதவு ஒரே மிதியில தாண்டுட்டுடா! றாத்தா என்னக் கொல்லப் போறா!” பின்னால் பவிதரன் கூச்சலிடுவதும் தண்ணீர் அடிப்பதும் கேட்டன. கோபத்தை அவன் மறந்துவிட்டிருந்தான். நான் சிரிப்பதுபோல ஒரு சத்தம் போட்டேன்.

பெருநாள் கழிந்து அபூசாலி காக்கா கடலில் இறங்கினார். சங்கத்தில் பெயர் திரும்ப ஏறியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இன்னும் சந்தையில் மீன் வெட்டுகிறார். றுஸ்னாவை மறுத்த அந்த மாப்பிள்ளை அதற்குள் வேறு இடத்தில் கட்டிவிட்டான். அந்தப் பேச்சு திரும்பி வரவில்லை. நான் மீன் வாங்கப் போனால் “கறிக்கா, பொரிக்கவா?” என்று என்னிடமும் கேட்கிறார். எந்தப் பக்கம் பட்ட மீன் என்று மட்டும் சொல்வதில்லை.

அந்தச் சனிக்கிழமை அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா வீட்டுக்கு வந்தார். வெறுமையான வளவை நின்று பார்த்தார். சந்திக் கடையில் கொக்குக் கதை அவருடைய காதுக்கும் வந்திருக்க வேண்டும். அவர் அங்கேதான் தேத்தண்ணி குடிப்பார். ஆனாலும் என்னிடம் கேட்டார்.

“என்ட பேரச் சொன்னியா?”

“இல்ல வாப்பா.”

அவருடைய தோள்கள் இறங்கின. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். பாரை மீன் துண்டொன்றை எடுத்து என் தட்டில் வைத்தார்.

“நல்ல புள்ள,” என்றார்.